கடுமையான அனுமதி

பிப்ரவரி 11, செவ்வாய்

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜென்ட் குடுத்தது. வருஷா வருஷம் குடுப்பாரு, வருஷா வருஷம் பழைய பேப்பர்காரனுக்குப் போகும். இன்னிக்கு எழுத உக்காந்திருக்கேன்னா வேற வழியில்ல. மனசுல இருக்கறதைச் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே ஆள் அமுதவல்லி. அவகிட்டயே சொல்ல முடியாத விஷயத்தை எங்க போய்க் கொட்டறது?

அமுதா என் வீட்டுக்காரி. துறையூர்ப் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல தாவரவியல் நடத்துறா. பிரியாணிக்குப் போடுவோமே கல்பாசி, அதுதான் அவ ஆராய்ச்சி. அது ஒரு செடியே இல்லையாம். பூஞ்சையும் பாசியும் ஒண்ணாச் சேர்ந்து குடித்தனம் பண்றதாம். பச்சைமலைப் பாறையில ஒட்டிட்டு இருக்கிறதைச் சுரண்டி எடுத்துட்டு வந்து, நான் வாங்கி வச்ச பிஸ்கட் டப்பாவை எல்லாம் ரொப்பி வச்சிருக்கா. அந்தக் கல்பாசியைப் படிக்க ஸ்காட்லாந்துல ஒரு யுனிவர்சிட்டி அவளுக்கு பிஎச்.டி. சீட்டும் உதவித்தொகையும் குடுத்திருக்கு. நாலு வருஷம். உதவித்தொகை ஒரு ஆளுக்குத்தான் காணும். செப்டம்பர்ல சேரணும்.

ஒரே ஒரு நிபந்தனை. வெளிநாடு போறவங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சையில மொத்தமா ஏழு எடுக்கணும். எந்தப் பகுதியிலயும் ஆறரைக்குக் குறையக்கூடாது. ஜூன் முப்பதுக்குள்ள மார்க்கை அனுப்பணும்.

மெயிலை மூணு தரம் படிச்சுக் காட்டிட்டு என் முகத்தையே பார்த்தா. "ரொம்ப சந்தோஷம் அமுதா"ன்னு சொன்னேன். சந்தோஷம்தான். ஏன் இல்லாம?

பிப்ரவரி 12, புதன்

செப்டம்பர்லேர்ந்து ஒரு பால் பாக்கெட் போதும்னு பால்காரர்கிட்டச் சொல்லணும். இதை எதுக்கு நான் இப்பவே யோசிக்கிறேன்னு தெரியல.

பிப்ரவரி 23, ஞாயிறு

அமுதா ஞாயித்துக்கிழமை தோறும் திருச்சிக்கு கோச்சிங் போக ஆரம்பிச்சிருக்கா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கிற தூரம்தான். இன்னிக்கு ஒரு லிஸ்ட்டோட வந்தா. அறுநூறு வார்த்தை. எல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில வர்ற பெரிய பெரிய வார்த்தைங்க. நாம பேசற இங்கிலீஷ்ல ஒண்ணு கூடக் கிடையாது. "சாதா இங்கிலீஷ் வேற, படிப்புக்கான இங்கிலீஷ் வேற"ன்னு சொல்லிக் குடுக்கிறவர் சொன்னாராம்.

முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் தமிழ் அர்த்தம்னு கார்டு எழுதி வச்சா சீக்கிரம் ஏறும்னு சொன்னா. அவ கையெழுத்தை அவளாலயே படிக்க முடியாது. நான் டெப்போவுல டைம் ஆபீஸ் கிளார்க். பதினாலு வருஷமா டிரைவர், கண்டக்டர் டூட்டி சார்ட் எழுதறவன். என் கையெழுத்தைப் பார்த்துட்டு பிரிண்ட்டான்னு கேட்டவங்க உண்டு. "குடு, நான் எழுதறேன்"னு வாங்கிட்டேன். எனக்கு எதுக்கு இந்த வேலை? வாங்கிட்டேன், அவ்ளோதான்.

மார்ச் 5, புதன்

நூத்தி எண்பது கார்டு முடிஞ்சுது. மாமனார் குடுத்த பழைய இங்கிலீஷ் - தமிழ் டிக்‌ஷனரி ஒண்ணு இருக்கு, அட்டை கிழிஞ்சது. ஒவ்வொண்ணா அதுல தேடித்தேடி எழுதறேன். "மிட்டிகேட்"னா தணிக்கிறது. "டெனுவஸ்"னா வலுவில்லாதது. "யுபிக்விட்டஸ்"னா எங்கயும் நிறைஞ்சிருக்கிறது. கடவுளைச் சொல்லுவாங்களே, அதேதான். அமுதா அந்தக் கார்டை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி, "எறும்புங்க நம்ம வீட்ல யுபிக்விட்டஸ்"னு சொல்லிட்டுச் சிரிக்கிறா.

இன்னிக்கு "சாங்ஷன்" வந்துச்சு. இதுக்குமா டிக்‌ஷனரி? லீவு சாங்ஷன், லோன் சாங்ஷன், ஓவர்டைம் சாங்ஷன்னு தினம் பத்துத் தரம் எழுதறவன் நான். தேடாமலே பின்னாடி "அனுமதி, ஒப்புதல்"னு எழுதிப் போட்டேன். "அறுநூறுல இது ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்ச வார்த்தை"ன்னு அமுதாவுக்குச் சந்தோஷம்.

மார்ச் 18, செவ்வாய்

டெப்போவுலேர்ந்து வந்ததும் காபி. காபி முடிஞ்சதும் மொட்டை மாடி. நான் கார்டை நீட்டுவேன், அவ அர்த்தம் சொல்லி ஒரு வாக்கியமும் சொல்லணும். இன்னிக்கு "ரிலக்டன்ட்" நீட்டினேன், தயங்கறதுன்னு அர்த்தம். "என் வீட்டுக்காரர் புது மிக்சி வாங்க ரிலக்டன்ட்டா இருக்காரு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னா. எனக்குக் கோவம் வர வேண்டியது, சிரிப்பு வந்துருச்சு. பழைய மிக்சிக்கு என்ன கேடு, நல்லாத்தானே ஓடுது.

கல்யாணம் ஆகி பதினோரு வருஷம். குழந்தை இல்ல. டாக்டர்கிட்ட நடந்ததும் கோயிலுக்கு நடந்ததும் போதும்னு ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். அதுக்கப்புறம் அவ காலேஜ் பேப்பரை அவ திருத்துவா, நான் டிவி பார்ப்பேன். ஒரே வீட்ல இருந்துட்டு இப்படி எதிரெதிரே உக்காந்து ஒரு மணி நேரம் பேசினதே கிடையாது. இப்ப தினம் பேசறோம். அவ யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடிக்கிறா. இது எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது.

இன்னிக்கு இருபது கார்டுதான்னு சொல்லிட்டு முப்பத்தஞ்சு நீட்டினேன். அவ கவனிக்கல.

ஏப்ரல் 2, புதன்

டெப்போ ஸ்டோர் கீப்பர் ஜபருல்லா பாய் எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டாரு. "என்ன குணசீலா, பொண்டாட்டியை சீமைக்கு அனுப்பிட்டு நீ மெஸ்ல டோக்கன் வாங்கப் போறியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. "நாலு வருஷம் நாலு நிமிஷமா ஓடிரும் பாய்"னு சொன்னேன். அவர் சிரிக்கல.

பாய் ஒன்பது வருஷம் சவுதியில இருந்துட்டு வந்தவர். மத்தியானம் தனியாக் கூப்பிட்டு, "அங்க எனக்கு வேலை இருந்துச்சு, கூட்டாளிங்க இருந்தாங்க, பொழுது போயிரும். இங்க இருந்தவளுக்குத்தான் சுவரைப் பார்த்து உக்காந்திருக்கிற மாதிரி. உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. மென்னு முழுங்காத"ன்னாரு.

எனக்கு என்ன வேணாமாம்? அடுத்தவன் வீட்டு விஷயத்துல இந்த ஆளுக்கு என்ன அக்கறை. ரெண்டு நாள் பேசப் போறதில்ல.

ஏப்ரல் 9, புதன்

டெப்போ மேனேஜர் ரூமுக்கு இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணு வரும், யாரும் பிரிக்கிறதில்ல. இப்பல்லாம் நான் பிரிக்கிறேன். தலைப்புல எனக்குத் தெரிஞ்ச வார்த்தை வந்தா ஒரு குஷி. இன்னிக்கு கொட்டை எழுத்துல "சாங்ஷன்ஸ்"னு இருந்துச்சு. ஒரு நாட்டு மேல இன்னொரு நாடு சாங்ஷன்ஸ் போட்டுச்சாம். அனுமதியை எப்படி ஒருத்தர் மேல போடறது? டீக்கடைக்குப் போய் தமிழ் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அதே செய்தி. "பொருளாதாரத் தடை"ன்னு போட்டிருந்துச்சு.

சாயங்காலம் வந்து முதல் வேலையா டிக்‌ஷனரியை எடுத்தேன். முதல் அர்த்தம் அனுமதி. ரெண்டாவது அர்த்தம் தடை, தண்டனை. ஒரே வார்த்தை. ஒண்ணு "போ"ங்குது, இன்னொண்ணு "போகாத"ங்குது. என்ன பாஷையோ.

உடனே சொல்லணும்னுதான் போனேன். அமுதா போன்ல அந்த ஸ்காட்லாந்து அம்மாகிட்டப் பேசிட்டிருந்தா. இவ யார்கிட்ட ஆராய்ச்சி பண்ணப் போறாளோ, அந்த புரொஃபசர். பச்சைமலையில எடுத்த கல்பாசி படத்தை எல்லாம் காட்டி என்னமோ சொல்லி, தலையைப் பின்னால சாய்ச்சு சிரிச்சா. பெண் பார்க்கப் போன அன்னிக்கு சமையல்கட்டுலேர்ந்து இதே சிரிப்பு கேட்டுச்சு. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சரின்னு சொன்னேன். அதுக்கப்புறம் எங்க போச்சுன்னு நான் தேடாத இடமில்ல. போன்ல இருக்கு, ஸ்காட்லாந்துக்காரிகிட்ட.

நாளைக்குச் சொல்லிக்கலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

பரண் சுத்தம் பண்ணேன். பழைய குக்கர் மூடி கிடைச்சுது. அமுதாகிட்டச் சொல்ல நேரமில்ல.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அவளைக் குழப்பணும். அறுநூறுல ஒரு வார்த்தைதானே. அது எங்க வரப் போகுது.

ஏப்ரல் 17, வியாழன்

கார்டு நீட்டிட்டிருந்தேன். "சாங்ஷன்" வந்துச்சு.

"அப்ரூவல். அனுமதி"ன்னு பட்டுனு சொன்னா.

"ரைட்"னு சொல்லிட்டு கட்டுக்கு அடியில சொருகினேன். மாடியில காத்தே இல்ல.

ஏப்ரல் 26, சனி

பரீட்சை. லீவு போட்டுட்டு நானும் திருச்சிக்குப் போனேன். காலையில உள்ள போனவ மத்தியானம் வெளிய வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க வார்த்தை வந்துச்சுங்க"ன்னா.

"எது?"

"சாங்ஷன். கட்டுரையே அதுமேலதான். 'சுற்றுச்சூழலைக் கெடுக்கிற நாடுங்க மேல கடுமையான சாங்ஷன்ஸ் வேணும்னு சிலர் சொல்றாங்க, உங்க கருத்து என்ன'ன்னு கேட்டிருந்தாங்க. கொஞ்சம் இடிச்சுதுங்க. அனுமதி எப்படிக் கடுமையா இருக்கும்? அப்புறம் நானே யோசிச்சேன். கடுமையான நிபந்தனையோட அனுமதி குடுக்கறது. அப்படித்தானே இருக்கணும்? அதை வச்சு ரெண்டு பக்கம் எழுதிட்டேன்."

"நல்லா எழுதியிருப்ப"ன்னு சொன்னேன்.

ஓட்டல்ல அவளுக்குப் பிடிச்ச ரவா தோசை வாங்கிக் குடுத்தேன். எனக்கு வயிறு சரியில்லன்னு காபி மட்டும் குடிச்சேன். பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. முசிறி ரோடு திரும்புற வரைக்கும் கையை அசைக்காம உக்காந்திருந்தேன்.

மே 9, வெள்ளி

ரிசல்ட். மொத்தம் ஏழு. கேட்கிறதுல ஏழரை, வாசிக்கிறதுல ஏழரை, பேசறதுல ஏழு. எழுத்துல ஆறு. ஆறரை வேணும். அரை மார்க் போச்சு.

மே 10, சனி

ஜூன் முப்பதுக்குள்ள இன்னொரு தரம் எழுதலாம். நான் சொல்லல, கோச்சிங் கிளாஸ்காரர் போன் பண்ணிச் சொன்னாரு. அமுதா மாட்டேன்னுட்டா.

மே 13, செவ்வாய்

எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. ரெண்டு பால் பாக்கெட். அவ பேப்பர் திருத்தறா, நான் டிவி பார்க்கிறேன். கார்டுக் கட்டைப் பழைய பேப்பரோட போட்டுட்டா. இதைத்தானே கேட்டேன். யார்கிட்டயும் வாய்விட்டுக் கேட்கல, ஆனா இதைத்தான் கேட்டேன். பக்கத்துலயே இருக்கா, கை நீட்டினா தொடற தூரம். ஆனா எனக்கு அவளைப் பார்க்கணும்போல இருக்கு. மாடியில உதட்டைக் கடிச்சுட்டு யோசிச்சாளே, அவளை. இவ யாரோ விருந்தாளி மாதிரி சாப்பாடு போட்டுட்டுப் போறா.

"மாடிக்குப் போலாமா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு?"ன்னு கேட்டா.

மே 16, வெள்ளி

இன்னிக்கு சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. நானும் பக்கத்துல உக்காந்து உரிச்சேன். அவளாவே பேச ஆரம்பிச்சா.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலைங்க. இலக்கணம் சரியா இருந்துச்சு, பெரிய வார்த்தை எல்லாம் போட்டேன். தப்பு இதுன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். தெரியாததை எப்படித் திருத்தறது? இன்னொரு தரம் எழுதினாலும் இதே மண்டைதானே எழுதப் போகுது. நாப்பது வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை? ஊர்ல சொல்றதுதான் சரி."

அவ மண்டையை அவளே ரெண்டு தரம் தட்டிக்கிட்டா. என்னால முடியல.

"அமுதா, சாங்ஷனுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு."

"என்ன?"

"தடை. தண்டனை."

வெங்காயம் கையில அப்படியே நின்னுச்சு. கட்டுரையை மனசுக்குள்ள முதல்லேர்ந்து ஓட்டிப் பார்க்கிறான்னு தெரிஞ்சுது. அவங்க தண்டிக்கலாமான்னு கேட்டிருக்காங்க. இவ அனுமதி குடுக்கலாம்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கா.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல் ஒன்பது."

"பரீட்சை இருபத்தாறு."

"ஆமா."

"நடுவுல ஒரு நாள் அந்தக் கார்டு வந்துச்சு. நான் அனுமதின்னேன். நீங்க ரைட்டுன்னீங்க."

"ஆமா."

அவ கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கத்தல. "ஒரு வாரமா நான் முட்டாள், நான் முட்டாள்னு அழுதுட்டிருக்கேன். எதிர்ல உக்காந்து டிவி பார்த்துட்டிருந்தீங்க"ன்னா.

"நீ போயிடுவியேன்னு..."

"உங்ககிட்ட நான் சாங்ஷன் கேட்டேனாங்க? லீவு லெட்டரா எழுதிக் குடுத்தேன், நீங்க கிழிச்சுப் போட? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். சண்டை போட்டிருக்கலாம். ரைட்டுன்னு சொல்லிட்டு அடியில சொருகறது என்ன பழக்கம்?"

உரிச்ச வெங்காயத்தை எடுத்துட்டு உள்ள போனா. சாம்பார் வச்சா. எனக்கும் ஊத்தினா.

மே 17, சனி

ஜூன் ஏழாம் தேதிக்குப் பணம் கட்டிட்டா. பழைய பேப்பர்லேர்ந்து கார்டுக் கட்டைத் தேடி எடுத்திருக்கா. நான் எழுதின தமிழை எல்லாம் அடிச்சுட்டு அவளே எழுதறா, அந்தக் கோழிக் கிறுக்கல்ல.

மே 25, ஞாயிறு

பேசல. சாப்பாடு உண்டு, பேச்சு இல்ல. மாடியில தனியா நடந்துட்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறா. நான் படிக்கட்டுல உக்காந்து கேட்கிறேன். அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறேன். ரெட்டை அர்த்தம்னு வருமே "ஆம்பிகுவஸ்", அதை ரெண்டு தரம் தப்பா உச்சரிச்சா. திருத்த வாய் வந்துச்சு. எந்த மூஞ்சியோட திருத்தறது.

ஜபருல்லா பாய்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவாருன்னு பார்த்தேன். "நான் சவுதி கிளம்பும்போது என் பொண்டாட்டி பாஸ்போர்ட்டை அரிசி டின்னுல ஒளிச்சு வச்சா"ன்னாரு. "அப்புறம்?"னு கேட்டேன். "அவளே எடுத்துக் குடுத்தா"ன்னுட்டு ஸ்பேர் பார்ட்ஸ் எண்ண ஆரம்பிச்சுட்டாரு.

ஜூன் 7, சனி

கூட வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்னா. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில உக்காந்து வந்தா. பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சுக் குடுத்துட்டு இறங்கினேன். தண்ணி பாட்டிலை வண்டியிலயே விட்டுட்டா, ஓடிப்போய் ஜன்னல் வழியாக் குடுத்தேன். "சாப்பிட்டுட்டு டெப்போவுக்குப் போங்க"ன்னா. மூணு வாரத்துல இதுதான் முதல் முழு வாக்கியம்.

ஜூன் 18, புதன்

டெப்போவுலேர்ந்து வரும்போது அமுதா வாசப்படியில நின்னுட்டிருந்தா. போனை என் கையில குடுத்தா. மொத்தம் ஏழரை. எழுத்து ஏழு.

உள்ள வந்து ஃபேன் போட்டு உக்காந்தோம். பிப்ரவரியில என் முகத்தைப் பார்த்த மாதிரியே பார்த்துட்டிருந்தா. இந்தத் தடவை சந்தோஷம்னு சொல்ல வாய் வரல.

"நீ போகக்கூடாதுன்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நாலு வருஷம்னு நினைச்சாலே எனக்கு மூச்சு முட்டுது. நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு சாயங்காலம் வரணும்? பண்ணது அயோக்கியத்தனம், அதுக்கு சமாதானம் சொல்லல. ஆனா நீ போய்த்தான் ஆகணும். நான்தான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்" - இதை எல்லாம் ஒரே மூச்சுல சொன்னேன். எப்படி வந்துச்சோ தெரியாது.

அமுதா என் கையிலேர்ந்து போனை வாங்கிக் கீழ வச்சா.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்"னா.

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

யோசிச்சா. பொய் சொல்ற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இல்லைங்க. அப்பவும் போயிருப்பேன். ஆனா நீங்க பாட்டுக்கு ரொம்ப சந்தோஷம்னுட்டீங்க. கார்டு வேற எழுதிக் குடுத்தீங்க, நான் கேட்காமலே. இந்த மனுஷனுக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு போலன்னு நினைச்சேன். தினம் காலையில குளிக்கிற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். நீங்க கதவைத் தட்டி, தண்ணி வீணாகுதுன்னு கத்துவீங்க."

கத்தியிருக்கேன். தினமும் கத்தியிருக்கேன்.

நான் அவ கையைப் புடிச்சேன், அவ எடுத்துக்கல. அப்புறம் நாலு மாசம் லேட்டா ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்.